ஏற்றத்தில் பேச்சு நிற்கிற இடம்

போன மாதம் வென்ட்வேர்த்வில்லில் ஒரு பிறந்தநாள் விழா. வடையும் கையுமாக நின்ற என்னிடம் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து போனை நீட்டினார். அதில் ஒரு பெரிய அட்டவணை, நிறைய எண்கள்.

"அங்கிள், நீங்கள் சைக்கிள் கடையிலை இருந்தனீங்கள்தானே? ரோட் பைக் வாங்கப்போறன். பின்னாலை இருபத்தஞ்சு பல்லுப் போடவா, இருபத்தேழு போடவா?"

"நேற்றிரவு என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி என் கையிலிருந்த வடையைப் பார்த்தாள். ஓய்வு பெற்றதிலிருந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இருவரும் ஒரே நேரத்தில் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கைக்கு வேலை இல்லாவிட்டால் வாய்க்காவது வேண்டும். அன்று அவருக்குச் சொல்ல விடாமல் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆகவே இங்கே சொல்கிறேன்.

ஊரில் நான் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அங்கே இருக்க முடியாமல் சிட்னி வந்து, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, ஒரு பேக்கரியில் மா சுமந்து, கடைசியில் லிட்கமில் ஒரு சைக்கிள் கடையில் ஒதுங்கினேன். யாழ்ப்பாணத்தானுக்குச் சைக்கிள் தெரியும், கியர் தெரியாது. எங்களூரில் ஏற்றம் என்றால் ரயில் தண்டவாளத்தைக் கடக்கிற இடம்தான். அப்படிப்பட்டவன் இருபது வருடத்துக்கு மேல் மற்றவர்களுக்கு மலை ஏறக் கியர் தேர்ந்து கொடுத்தேன் என்றால் சிரிப்புத்தான் வரும். அதைக் கற்றுத் தந்தவர் கடைக்காரர் கெவின்.

கெவின் இளமையில் சைக்கிள் பந்தயக்காரர். நெடிய மனிதர், பேச்சு குறைவு. யாராவது கடைக்குள் வந்து "மலை ஏறவேண்டும், குழுவோடும் ஓடவேண்டும், என்ன கியர்?" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார். காலைப் பார்க்கமாட்டார், வயதைக் கேட்கமாட்டார். கடைச் சைக்கிள் ஒன்றில் ஆளை ஏற்றி, கடைக்குப் பின்னாலுள்ள தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அது நல்ல ஏற்றம். ஆள் மிதிக்க, இவர் இருக்கையின் பின்பக்கத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஓடுவார். தள்ளுவதற்கு அல்ல, விழுந்தால் பிடிக்க. ஓடிக்கொண்டே கேட்பார்: "நேற்றிரவு என்ன சாப்பிட்டாய்?"

ஆள் சொல்லத் தொடங்குவார். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பிறகு மைத்துனன் வந்தான், அவனோடு வாக்குவாதம் என்று கதை நீளும். கெவின் கதையைக் கேட்பதில்லை, அது எங்கே அறுகிறது என்று கவனிப்பார். பாதி ஏற்றத்தில் சிவப்புத் தபால்பெட்டி வைத்த ஒரு வீடு உண்டு. அதற்கு முன்னாலேயே பேச்சு நின்றால் பின்சில்லில் இன்னும் பெரிய பற்சக்கரம் வேண்டும். தபால்பெட்டியைத் தாண்டிப் போனால் உள்ளதே போதும். தெரு முடியும்வரை மைத்துனனைத் திட்டிக்கொண்டே போகிறவனுக்குப் பந்தயக்காரர்களின் கியரைப் பூட்டலாம்.

பிறகு தட்டையான சாலைக்குக் கொண்டுபோய்த் தானும் ஒரு சைக்கிளில் முன்னே போவார். ஏற்றம் உன் சொந்த விஷயம், குழு மற்றவர்களுடைய விஷயம் என்பார். குழுவில் முன்னால் போகிறவருடைய பின்சில்லுக்கும் உங்கள் முன்சில்லுக்கும் ஒரு சாண் இடைவெளிதான். அந்த வேகத்தோடு ஒட்டி ஓடப் பற்சக்கரங்கள் ஒவ்வொரு பல்லாகக் கூடிக்கொண்டு போகவேண்டும். மலைக்காகப் பெரிய பற்சக்கரம் போட்டால் இடையில் எங்கோ ஒன்று விடுபடும். அப்போது ஒன்றில் கால் வேகமாகச் சுற்றும், மாற்றினால் இறுகும். இடைவெளி விழும், எட்டிப் பிடிக்கப் பாய வேண்டிவரும், பின்னால் வருகிறவன் திட்டுவான். மலை ஒன்றைக் கேட்கும், குழு இன்னொன்றைக் கேட்கும். கியர் தேர்வு என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கிற பஞ்சாயத்துத்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் ரோட் பைக் வாங்க வரத் தொடங்கியபோது கெவினின் முறை படுத்துவிட்டது. அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டு "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பார். "ரைஸ், சார்." "வேறு?" "கறி, சார்." "கஷ்டமாக இருக்கிறதா?" "நோ ப்ராப்ளம், சார்." முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருக்கும், ஆனால் தெரு முடியும்வரை நோ ப்ராப்ளம்தான். இவர்களுக்கு நல்ல நுரையீரல் என்று சொல்லிக் கெவின் இறுக்கமான கியரைப் பூட்டி அனுப்புவார். கொஞ்ச நாளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

அவருக்குப் பிடிபடவே இல்லை. நான் சொன்னேன்: "கெவின், எங்கள் ஆட்களைப் பரிசோதிக்கிறவர் வெள்ளைக்காரராக இருந்தால் உயிர் போனாலும் கஷ்டம் என்று சொல்லமாட்டார்கள். என்னிடம் விடுங்கள்." அதிலிருந்து தமிழர்களோடு ஏற்றத்தில் ஓடியது நான். தமிழில் கேட்டால் ஒருவரும் ஒரு சொல்லில் நிறுத்தியதில்லை. சம்பலில் உப்பு இல்லாததிலிருந்து மாமியார் வரைக்கும் வரும். பேச்சு அறுகிற இடமும் சரியாகத் தெரியும்.

சனிக்கிழமைகளில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியிலிருந்து ஒரு தமிழ்க் குழு புறப்படும். பாதி எங்கள் ஆட்கள், பாதி இந்தியத் தமிழர், இரண்டொரு மலேசியர். தலைவர் பிரபு, கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை, நல்ல கால். இந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுப்பதுபோல எல்லோரும் ஒரே கியர் வாங்குவார்கள். முன்னால் ஐம்பத்துமூன்று பல்லும் முப்பத்தொன்பது பல்லும், பின்னால் பன்னிரண்டிலிருந்து இருபத்துமூன்று வரை. பிரபுவின் காலுக்கு அது சரி. மற்றவர்களுக்கு இல்லை என்று வாய் வலிக்கச் சொன்னேன். கேட்கமாட்டார்கள். யாராவது பின்னால் பெரிய பற்சக்கரம் போட்டால் அதற்கு "அப்பளம்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். போட்டவன் அப்பளத்தோடு வாழவேண்டும்.

அந்தக் குழுவில் மகேந்திரன் என்று ஒருவர். ஒரு வங்கியில் கணினிப் பிரிவு, வீடு கெல்லிவில்லில், ஐம்பதைத் தாண்டியவர். முந்தின வருடம் அவருக்கு இதயத்தில் அடைப்பு வந்து குழாய் வைத்திருந்தார்கள். சைக்கிள் ஓடலாம், ஆனால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்குத்தான், பேச்சு நின்றால் இறங்கிவிடவேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. அவரோ பழைய கியரோடு, பழைய குழுவோடு, கல்ஸ்டன் கோர்ஜ் ஏறிக்கொண்டிருந்தார். அது வடக்கே ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பாலம், அங்கிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் நெஞ்சைப் பிடிக்கிற ஏற்றம்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி சாந்தினி கடைக்கு வந்தார். நான் தனியாக இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"அண்ணை, இவர் வாற கிழமை சைக்கிளைச் சேர்விஸுக்குக் கொண்டருவார். அப்ப பின்னாலை பெரிசாப் போட்டு விடுங்கோ. அவருக்குச் சொல்லவேண்டாம்."

"அவருக்குக் கண் தெரியும்தானே தங்கச்சி?"

"பழசு தேஞ்சு போச்சு, இதுதான் கடையிலை இருந்தது எண்டு சொல்லுங்கோ. உங்களை நம்புவார்." பிறகு குரல் இறங்கியது. "போன சனிக்கிழமை ஓடிப்போட்டு வந்து குளியலறையிலை நிலத்திலை இருந்திட்டார். எழும்பேலாமல். கதவைத் திறக்கவும் இல்லை. நான் வெளியிலை நிண்டு தட்டுறன், உள்ளுக்கிருந்து ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை எண்டுறார்."

ஆனாலும் முடியாது என்றேன். குழுவில் ஓடுகிறவன் கியரைப் பார்த்து மாற்றுவதில்லை, கை தானாக மாற்றும். அந்தக் கைக்குத் தெரியாமல் கியரை மாற்றி வைத்தால் ஒருநாள் நெருக்கத்தில் கால் நழுவி, அவரும் விழுந்து பின்னால் வருகிறவர்களும் விழுவார்கள். கெவின் கடையில் கல்லில் எழுதாத சட்டம் அது: ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் ஒரு பல்லையும் மாற்றாதே.

"நீங்களே அவரிட்டைச் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லவேண்டி வரும். வியாழன் வரைக்கும் பாக்கிறன்," என்றேன்.

சாந்தினி எழுந்துவிட்டார். "மனிசன் செத்தாப் பிறகு உங்கடை சட்டம் ஆருக்கு அண்ணை?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு நாளும் நான் நானாக இல்லை. பூட்டிய திருகாணியைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். ஒரு பெண்ணின் சைக்கிளுக்கு வேறொருவருடைய பெடலைப் போட்டு அனுப்பினேன். கெவினிடம் சொன்னபோது, "நீ செய்தது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். சரியாகச் செய்துவிட்டு ஒரு சாவு வீட்டுக்குப் போய் நிற்க முடியுமா? சனிக்கிழமை வருகிறதே என்ற ஒரே நினைப்பு. சாப்பாடு இறங்கவில்லை, எதிரில் பேசிக்கொண்டிருந்த மனைவி சொன்னதும் காதில் ஏறவில்லை.

வியாழன் மத்தியானம் மகேந்திரன் வந்தார். சைக்கிளை மேசையில் இடித்து நிறுத்தினார்.

"சாந்தினி சொன்னவ," என்றார். "அப்பளம் போடப்போறியள், என்ன?"

"முதல்லை வெளியிலை வாரும்."

பின்தெருவில் அவருடைய சைக்கிளிலேயே ஏறச் சொன்னேன். நேற்றிரவு என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஓடினேன். இடியப்பம் என்றார். சொதி என்றார். "சாந்தினி ஒண்டும் கதைக்..." என்றதோடு நின்றது. சிவப்புத் தபால்பெட்டிக்கு இன்னும் நான்கு வீடு இருந்தது. காலை ஊன்றி, தலையைக் குனிந்து, வெகுநேரம் மூச்சு வாங்கினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாகப் பயமில்லை அண்ணை," என்றார் பிறகு. "முந்தி ஏறினவங்கள் மேலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பாங்கள். அதுதான். ஒருத்தனும் ஒண்டும் சொல்லமாட்டான். தண்ணிப் போத்தலை நீட்டுவாங்கள். வீட்டிலை நான் படி ஏறினால் கீழை ஆராவது நிக்கினம். ஒஃபீசிலை எனக்காக லிஃப்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாங்கள். எனக்காக ஒருத்தரும் நிக்காத இடம் ஒண்டு வேணும். இந்தப் பழைய கியரிலை கடைசி ஆளாய்ப் போனாலும் கொஞ்ச நேரத்திலை போயிடுறன். நீங்கள் சொல்லுறதைப் போட்டால் அவங்கள் மேலை நிண்டு தேத்தண்ணியே குடிக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மீது அல்ல. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், அவர் கேட்கிறதற்கு என்னிடம் கியர் இல்லை.

முதலில் என்னால் முடிந்ததைச் செய்தேன். பின்னால் மட்டும் இருபத்தேழு வரைக்கும் போட்டால் நடுவில் பதினெட்டுப் பற்களுள்ள சக்கரம் விடுபட்டுப் போகும். தட்டைச் சாலையில் அந்தக் குழு ஓடுகிற வேகத்துக்கு அந்தப் பதினெட்டுத்தான் உயிர். ஆனால் முன்னாலும் சேர்த்து மாற்றி ஐம்பதும் முப்பத்துநாலும் போட்டால் கணக்கு நேராகிவிடும். ஐம்பத்துமூன்றுக்குப் பதினெட்டும் ஐம்பதுக்குப் பதினேழும் கிட்டத்தட்ட ஒன்றேதான். பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். வங்கிக்காரர், தலைக்குள்ளேயே பெருக்கினார். ஐம்பதைப் பதினெட்டால் பெருக்கத் தொள்ளாயிரம், ஐம்பத்துமூன்றைப் பதினேழால் பெருக்கத் தொள்ளாயிரத்தொன்று. முதல்முறையாக முகம் இளகியது. தட்டையில் அவரை ஒருவரும் விட்டுவிட்டுப் போகமுடியாது. ஏற்றத்துக்கு முப்பத்துநாலும் இருபத்தேழும் இருக்கும். மெதுவாகத்தான், ஆனால் பேசிக்கொண்டே போகலாம்.

"மெதுவாய்த்தானே," என்றார். முகம் திரும்பவும் இறுகிவிட்டது.

அப்போது கெவின் கடைவாசலில் நின்று இறைச்சி வைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மென்று விழுங்கிவிட்டு, "அவன் ஏன் மற்றவர்களோடு சேர்ந்து ஏறத் தொடங்கவேண்டும்?" என்று கேட்டார். இந்த நாட்டில் ஒரு பழைய பந்தய முறை இருக்கிறது. மெதுவானவன் முதலில் புறப்படுவான். அவனைவிட வேகமானவன் கொஞ்சம் பிந்தி. எல்லோரிலும் வேகமானவன் கடைசியாகப் புறப்பட்டு எல்லோரையும் துரத்திப் பிடிக்கவேண்டும். கடைசியாகப் புறப்படுவதுதான் அங்கே மரியாதை. கெவின் தன் காலத்தில் எப்போதும் கடைசி.

பிரபுவுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், அவரை மட்டும் தனியா முன்னாடி அனுப்பினா மனசு கஷ்டப்படமாட்டாரா?"

"அவரை மட்டும் இல்லை, எல்லாரையும் ஒவ்வொருத்தராய். பாலத்தடியிலை வரிசை போடுங்கோ. பலமான ஆள்தான் கடைசி. உங்கடை குழுவிலை கடைசி ஆள் ஆர்?"

"நான்தான் அங்கிள். வேற யாரு இருக்கா?"

அது போதும். சனிக்கிழமை வரைக்கும் குழுவில் யார் கடைசி, யார் கடைசிக்கு முந்தியவர் என்பதில் பெரிய சண்டையாம். யார் முதல் என்பதைப் பற்றி ஒருவருக்கும் அக்கறை இல்லை.

மகேந்திரன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பாப்பம்" என்றார். புதிய கியரில் பின்தெருவில் அவரை ஏற்றி இறக்கினேன். முன்சக்கரத்தை ஐம்பதிலிருந்து முப்பத்துநாலுக்கு இறக்கும்போது கால் வெறுமையில் சுற்றும். அதே நேரத்தில் பின்னால் இரண்டு பற்சக்கரம் இறுக்கிக்கொள்ளவேண்டும். ஏற்றம் தொடங்குமுன்பே, பாலத்திலேயே அதைச் செய்துவிடவேண்டும். எங்கள் ஆட்களுக்கு லேசான கியரைச் சேமிப்புப் பணம்போலக் கடைசிவரை தொடாமல் வைத்திருக்கிற குணம் உண்டு. பிறகு முக்கிக்கொண்டு மாற்றும்போது செயின் கழன்று கம்பிக்குள் விழும். "இது வைச்சிருக்கிறதுக்கில்லை, முதல்லையே செலவழியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கை பழகியது.

ஒரு கேள்வி மிஞ்சியது. தனியாக ஏறும்போது இரவுச் சாப்பாட்டைப் பற்றி யார் கேட்பது? அவர் தானே ஒரு வழி கண்டுபிடித்தார். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு போவாராம். ஒரு வரி நடுவில் அறுந்தால் இறங்கி நிற்பாராம்.

அந்தச் சனிக்கிழமை கடை வேனை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கின் மேலே போய் நின்றேன். சாந்தினி முதல்நாள் பேசியிருந்தார். "நீங்கள் மேலை நிப்பியள்தானே?" என்று மட்டும் கேட்டார். குரலில் கோபம் போயிருக்கவில்லை.

கீழே முதல் ஆள் புறப்பட்டிருக்கவேண்டிய நேரம் ஆகிவிட்டது. வேனுக்குள் இருந்தேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கார்கள் வந்தன. சைக்கிள் வரவில்லை. இதயம் பழுதான ஒருவரைத் தனியாக ஏற்றத்தில் அனுப்பியிருக்கிறோம், இதற்கு எந்தச் சட்டத்தில் இடம் என்று அப்போதுதான் உறைத்தது. பின்னால் அடுத்தவர் வருகிறார்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உதவவில்லை.

ஒரு கார் என் பக்கத்தில் மெதுவாகியது. ஓட்டிவந்த பெண் கண்ணாடியை இறக்கி, "உங்கள் ஆளா? வளைவில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேனைப் பூட்டவும் இல்லை. கீழே ஓடினேன். அறுபதைத் தாண்டியவன், இறக்கத்தில், வேலைச் சப்பாத்தோடு. கண்ணுக்குள் குளியலறைக் கதவுதான் நின்றது. முதல் வளைவு வந்தது, அங்கே ஒருவரும் இல்லை. நின்று மூச்சு வாங்கியபோது, மரங்களுக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆறேழு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொன்பது. எட்டேழு அம்பத்தாறு."

உரத்து, நிதானமாக, ஒரு வரியும் அறுகாமல். அறுந்தபோது இறங்கி நின்றிருக்கிறார், சொன்னபடியே. மூச்சு வந்ததும் திரும்ப ஏறியிருக்கிறார். நான் பாதையோரத்து மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். யாரும் அவருக்காக நிற்கக்கூடாது அல்லவா. கால்கள் சின்னச் சின்னதாகச் சுற்ற, ஒன்பதேழு அறுபத்துமூன்று என்று சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

மெல்ல மேலே ஏறிவந்து வேனுக்கு மறுபக்கத்தில் நின்றேன். மகேந்திரன் சைக்கிளைப் பாதையோரத் தடுப்புக் கம்பியில் சாய்த்துவிட்டு, வந்த பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதை வெறுமையாகக் கிடந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சாந்தினி, நான்தான். மேலை வந்திட்டன். ஓம், கதைக்கிறன்தானே, மூச்சு இருக்கு." கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லை, உடனை வெளிக்கிடேலாது. அவங்கள் ஒருத்தரும் இன்னும் வரேல்லை. நான்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."